சாவி கொடுத்தால் வீடு சொந்தமாகுமா?

வீடு வாங்கியவர் எந்த நாளில் அதனைத் தமதென்று கொள்ளலாம்? சட்டப் புத்தகம் படித்தோருக்கு இது சிறிய கேள்வி. ஊவா மாகாணத்து மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் ஒரு சாண் மண்ணைத் தமதென்று சொல்ல முடியாத மக்களுக்கோ இதுவே உயிர்க் கேள்வி.

கொழும்பிலே ஓர் உத்தியோகத்தர் வீடு வாங்குகிறார் என்று கொள்வோம். அவர் செய்வது என்ன? முதலில் விற்பவரின் உறுதியைக் கேட்கிறார். அதனை ஒரு நொத்தாரிசிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்கிறார். ஈடு உண்டா, வழக்கு உண்டா, பங்காளி உண்டா என்று துருவித் துருவிப் பார்க்கிறார். நில அளவையாளரின் படத்தை எல்லைக் கல்லோடு ஒப்பிடுகிறார். எல்லாம் சரியென்று கண்ட பின்னரே பணம் கைமாறுகிறது; நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பம் விழுகிறது; உறுதி பதிவாகிறது; சாவி கைக்கு வருகிறது. வீட்டிலே வேறொருவர் குடியிருந்தால் அவரை வெளியேற்றி, வெற்று வீடாக ஒப்படைக்க வேண்டியது விற்பவரின் கடமை. நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இது ஒன்றும் புதுமையன்று. எழுத்தில் இல்லாத, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இல்லாத காணிக் கைமாற்றம் செல்லாது என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அது மோசடியைத் தடுப்பதற்காக வந்த சட்டம். வாய்ச் சொல்லை நம்பி ஏழை ஏமாறக் கூடாது என்பது அதன் கருத்து. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டில் படித்தவனும் பாமரனும் அறிந்த நியதி இது: உறுதி இல்லையேல் உரிமை இல்லை.

அப்படியானால் கேட்கிறோம்: கொழும்பிலே செல்லாத வாய்ச் சொல் கொஸ்லந்தையில் மட்டும் எப்படிச் செல்லுகிறது? வர்த்தகருக்கு உறுதியும், கொழுந்து பறிப்பவளுக்கு வெறும் சாவியுமா? மேடை போட்டு, மாலை சூடி, படம் பிடித்து, சாவியைக் கையில் திணித்துவிட்டால் வீடு கையளிக்கப்பட்டதாகிவிடுமா?

மண் கேட்ட கேள்வி

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து விழுந்தது. லயங்கள் புதைந்தன. கோவில் புதைந்தது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பெற்றோரை இழந்து நின்றனர். முதல் நாளில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றனர். பின்னர் அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது. மண்ணுக்குள் போனவர் எத்தனை பேர் என்று உடனே சொல்வதற்குக்கூட ஓர் ஒழுங்கான கணக்கு நாட்டிடம் இருக்கவில்லை. மீட்கப்படாத உடல்கள் பல. அந்த மலையே அவர்களுக்குக் கல்லறை.

இயற்கையின் சீற்றம் என்றார்கள் சிலர். இயற்கையா? அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு பெரிய அணையையே கட்டி முடிக்கலாம். வேகமான நெடுஞ்சாலை போடலாம். ஒரு தோட்டத்து மக்களைப் பாதுகாப்பான ஒரு மேட்டுக்கு மாற்ற முடியவில்லை என்றால் அதை யார் நம்புவார்?

‘எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை’ என்ற பழி அன்றே எழுந்தது. போகவில்லை என்பது உண்மை. எங்கே போவது? சொந்த நிலம் உள்ள கிராமத்தான் ஓரிடம் ஆபத்து என்றால் அதை விற்றோ, ஈடு வைத்தோ, உறவினன் காணியில் ஒரு குடிசை போட்டோ தப்பிப் போவான். லயத்துக் காம்பராவில் இருப்பவனுக்கு விற்க என்ன உண்டு? ஈடு வைக்க என்ன உண்டு? அவனுடைய உறவினனும் அடுத்த தோட்டத்து லயத்தில்தானே இருக்கிறான்! காம்பராவை விட்டால் வேலை போகும். வேலை போனால் காம்பரா போகும். இந்த இரட்டைச் சங்கிலியால் கட்டப்பட்டவனைப் பார்த்து ‘ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பது நியாயமா? மீரியபெத்த மக்களை மழை மட்டும் கொல்லவில்லை. காணியின்மையும் சேர்ந்துதான் கொன்றது.

உயிர் தப்பியோர் பள்ளிக்கூடங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். மாக்கல்தெனியவில் அவர்களுக்கென 75 வீடுகள் எழுந்து கையளிக்கப்பட்டது 2016 ஆம் ஆண்டில். உலகமெல்லாம் பார்த்துக் கண்ணீர் விட்ட ஒரு பேரழிவுக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டு காத்திருப்பு! யாரும் பார்க்காத தோட்டங்களின் நிலை என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

2023 மார்ச்சில் அதே வட்டாரத்தில், பூனாகலை கபரகலையில், மண் மீண்டும் சரிந்தது. மீண்டும் லயங்கள் இடிந்தன. மீண்டும் தொழிற்சாலைக் கட்டடம் அகதி முகாமாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகள் இரவோடிரவாக இறங்கின. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீரியபெத்த கற்பித்த பாடத்தை நாடு பதினொரு ஆண்டுகளாகப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டை முற்றாக இழந்தோருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி என்று 2025 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பின் ஈரம் காயுமுன்னரே மலையகத்தில் எழுந்த கேள்வி என்ன? ‘லயத்தில் இருந்தவன் வீட்டுச் சொந்தக்காரனா? அவனுக்கும் இது உண்டா?’ என்பதே. கொடுப்போம் என்ற பதில் வந்திருக்கலாம். ஆயினும் அப்படிக் கேட்க வேண்டிய நிலையில் ஓர் இனத்தையே வைத்திருப்பது எவ்வளவு பெரிய அவமானம்! உறுதி உள்ளவன் இழப்பீட்டைக் கேட்டு வாங்குகிறான். உறுதி இல்லாதவன் அதை இரந்து வாங்குகிறான்.

இரு சட்டங்கள் பிறந்த ஆண்டு

மோசடித் தடுப்புச் சட்டம் பிறந்த அதே 1840 இல் 12 ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் பிறந்தது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பதென்பது அதன் பெயர். காடும் தரிசும், உரித்தை நிலைநாட்ட முடியாத நிலமும் முடியரசுக்கே உரியன என்று கொள்ள அது வழி செய்தது. ஊவாவின் மலைகளிலே பரம்பரையாகச் சேனை வெட்டிய, மாடு மேய்த்த கண்டிய விவசாயியிடம் எழுத்தில் உறுதி ஏது? காகிதம் இல்லாததால் காடு போயிற்று. காடு போனதால் கோப்பி வந்தது. கோப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. அதற்கு உழைக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து எம் மக்கள் வந்தனர். அந்தச் சிங்கள விவசாயியும் இந்தத் தமிழ்த் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் பகைவர் என்று எண்ணும்படி பின்னர் பலர் பேசினர். இருவரையும் வறியராக்கியது ஒரே தத்துவம்தான்: காகிதம் வைத்திருப்பவனுக்கே நிலம்.

தொழிலாளிக்குக் காகிதமே கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதன் பெயர் ‘துண்டு’. இந்தக் கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன்பட்டவர்கள். அதைக் கட்டுபவன் இவர்களைக் கொண்டு போகலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. கடனைச் சுமத்தும்போது காகிதம் எவ்வளவு விரைவாக வந்தது பாருங்கள்! உரிமையைக் கொடுக்கும்போதுதான் காகிதத்துக்குப் பஞ்சம் வந்துவிடுகிறது.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். பத்து ஆண்டுகள் இடையூறின்றி, பிறருக்கு எதிரான உரிமையோடு ஒரு காணியை ஆண்டு அனுபவித்தவன் அதற்குச் சொந்தக்காரனாகலாம் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பத்து ஆண்டு! எம் மக்களோ நூறாண்டுக்கு மேலாக அதே லயத்தில் பிறந்து, அதே லயத்தில் மணம் முடித்து, அதே லயத்தில் மடிகிறார்கள். ஆயினும் அச்சட்டம் அவர்களுக்கு உதவாது. ஏன்? அவர்கள் இருப்பது தொழில் கொடுத்தவனின் அனுமதியால். அனுமதியால் இருப்பவன் எத்தனை காலம் இருந்தாலும் உரிமை பெறான். அதற்கு மேல், நிலம் அரசுக்குரியதாகிவிட்டால் அரசுக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சி செல்லாது. நீதிமன்றக் கட்டளை இன்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1971 இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. வெளியேற்றாமல் காப்பது வேறு; சொந்தமாக்குவது வேறு.

மூன்று கைகளில் ஒரு நிலம்

இன்று இந்த நிலம் யாருடையது? 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரைமார் போனார்கள், அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் வந்தன. தொழிலாளிக்கு என்ன வந்தது? பசி வந்தது. 1992 இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. அவ்வாண்டிலிருந்து எண்ணப்படும் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அதாவது 2045 வரை! நாட்டுக்குக் குடியாட்சி வந்த பின்னும், தேசியமயம் வந்த பின்னும், தனியார்மயம் வந்த பின்னும், ஒவ்வொரு முறையும் நிலம் கைமாறியது, பத்திரம் எழுதப்பட்டது, முத்திரை பதிக்கப்பட்டது. அந்த நிலத்தின் மீது வாழ்ந்தவனை மட்டும் எவரும் கேட்கவில்லை. வீட்டை விற்றால் உள்ளே இருக்கும் மேசை நாற்காலியும் சேர்ந்து போவதுபோல் அவனும் சேர்ந்து போனான்.

ஆகவே ஒரு தொழிலாளிக்கு 7 பேர்ச் காணி கொடுக்க வேண்டுமானால், குத்தகைக்காரக் கம்பனி விட வேண்டும். உரித்துடைய அரச நிறுவனம் இசைய வேண்டும். அமைச்சு அனுமதிக்க வேண்டும். அளவையாளர் அளக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு உறங்கும். கோப்பு உறங்கும்போது மலை உறங்குவதில்லை.

கடன் கட்டியவரின் கதை

‘இலவசமாக வீடு கொடுக்கிறோம், அதற்குப் பத்திரமும் கேட்கிறீர்களா?’ என்பார் சிலர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுவோம். தோட்டப்புறத்தில் எழுந்த வீடுகள் எல்லாம் இலவச வீடுகள் அல்ல. 1990களிலும் அதன் பின்னரும் சுய உதவித் திட்டங்களின் கீழ்ப் பல தோட்டங்களில் கடன் வீடுகள் கட்டப்பட்டன. தொழிலாளி கல் சுமந்தான், மண் வெட்டினான், வீட்டமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கடன் பெற்றான், மாதந்தோறும் சம்பளத்திலிருந்து தவணை பிடித்தார்கள். சம்பளச் சீட்டிலே கழிவு தவறாமல் விழுந்தது. அவன் நம் உத்தியோகத்தரைப் போலவே வீடு வாங்கியவன் அல்லனா? விலை கொடுத்தவன் அல்லனா? கடன் தீர்ந்த நாளில் அவன் கையில் உறுதி விழுந்திருக்க வேண்டாமா? எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. கடனைக் கட்டியவன் இறந்து, மகன் அந்த வீட்டில் இருந்து, அவனும் தன் பெயரில் எதுவும் இல்லாமல் இருக்கும் கதைகளைத் தோட்டங்களில் கேட்கலாம்.

இதை நகரத்திலே ஒரு வியாபாரி செய்திருந்தால் என்ன பெயர் சொல்லுவோம்? பணம் வாங்கினான், உறுதி எழுதவில்லை என்றால் அவன் மீது பொலிசில் முறைப்பாடு, நீதிமன்றத்தில் வழக்கு, பத்திரிகையில் செய்தி. தோட்டத்திலே நடந்தால் அதன் பெயர் ‘அபிவிருத்தி’!

விவசாயிகளே, உங்கள் நிலையை எண்ணுங்கள்

இவ்வேட்டைப் படிக்கும் விவசாயப் பெருமக்கள் ஒன்றை நினைக்க வேண்டும். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குடியேற்றங்களில் காணி பெற்றவருக்கு முதலில் அனுமதிப் பத்திரம் கிடைத்தது. பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைத்தது. அதுவும் குறையுள்ளதுதான்: விற்கத் தடை, ஈடு வைக்கத் தடை, வாரிசுக்கு நிபந்தனை. அந்தக் குறைந்த உரிமைக்கே நீங்கள் பட்ட பாடு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். வங்கிக்குப் போனால் மதிப்பில்லை, பிள்ளைகளுக்குள் வழக்கு. ஆதலால்தான் 2024 இல் ‘உறுமய’ என்ற பெயரில் முழு உரித்துக் கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது நாடெங்கும் ஆர்வம் எழுந்தது.

அந்த 1935 ஆம் ஆண்டுச் சட்டம் ‘இலங்கையர்’ என்பதற்குக் கொடுத்த பொருளால் தோட்டத் தொழிலாளி அன்றே வாயிலில் நிறுத்தப்பட்டான். 1948 இல் குடியுரிமை பறிபோயிற்று. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்டு, இலட்சக்கணக்கான மக்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போட்டனர். 2003 இல் எஞ்சியோருக்கும் குடியுரிமை வந்தது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் உரிமை வரவில்லை! வாக்குக் கேட்க வருபவனுக்கு அவன் முகவரி தெரிகிறது. உறுதி எழுத வேண்டியவனுக்கு மட்டும் அந்த முகவரி தெரிவதில்லை.

உள்ளூராட்சிச் சட்டத்தின் பழைய நிலையோ இன்னும் வேடிக்கை. தோட்டத்துக்குள்ளே பாதை போடப் பிரதேச சபைக்கு அதிகாரம் இல்லை என்று 2018 இல் திருத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை தோட்டத்து மண்ணில் ஒரு வண்டி கல் கொட்டக் கூடாதாம்!

வாக்குறுதிகளின் ஊர்வலம்

7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை 2015 இல் வந்தது. இந்தியாவின் நன்கொடையில் 4000 வீடுகள் என்றனர். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். கரவொலி வானைப் பிளந்தது. அந்தப் பத்தாயிரத்தில் முதற்கட்டமான 1300 வீடுகளுக்குப் பணி தொடங்கியது எப்போது? 2024 பெப்ரவரியில்! ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அறிவித்த நாளில் பள்ளியில் சேர்ந்த குழந்தை அதற்குள் புலமைப்பரிசில் பரீட்சையே எழுதி முடித்திருக்கும்.

2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு என்று 2023 இல் விழா எடுத்தார்கள். 2024 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் காணியுரிமைக்கென 400 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 7 பேர்ச் 10 பேர்ச் ஆயிற்று. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதியே வந்து, இந்திய உதவியில் கட்டப்படவிருக்கும் வீடுகளுக்காக ஏறத்தாழ 2000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார்.

முயற்சியைப் பழிக்க மாட்டோம். முன்னிருந்தோர் செய்யாததைச் செய்ய முனைந்தால் பாராட்டவே செய்வோம். ஆனால் பொருளைச் சொல்லியாக வேண்டும். முன்பு வீட்டைக் கொடுத்தார்கள், பத்திரம் பின்னால் வரும் என்றார்கள். இப்போது பத்திரத்தைக் கொடுக்கிறார்கள், வீடு பின்னால் வரும் என்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கையில் வருவது எப்போது? அந்தப் பத்திரம் காணிப் பதிவகத்திலே பதியத்தக்க உறுதியா, அல்லது ‘உமக்கு ஒரு வீடு உண்டு’ என்று சொல்லும் சீட்டா? வங்கி அதை ஏற்குமா? நீதிமன்றம் அதை ஏற்குமா? தந்தை இறந்தால் மகளுக்கு அது சேருமா? இக்கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் அது உறுதி. வராவிட்டால் அதுவும் ஒரு துண்டுதான். நல்ல காகிதத்தில் அச்சடித்த துண்டு.

மறுப்போருக்கு விடை

‘உறுதி கொடுத்தால் வட்டிக்காரனுக்கு விற்றுவிடுவான்’ என்பர். கொழும்பு உத்தியோகத்தர் விற்கக் கூடும் என்பதற்காக அவருக்கு உறுதி மறுக்கப்படுகிறதா? தன் பொருளைக் காக்கத் தெரியாத குழந்தை என்று தொழிலாளியை எண்ணுவது துரைத்தனத்தின் எச்சம். சில ஆண்டுகளுக்கு விற்பனையைத் தடுக்கும் நிபந்தனை வேண்டுமென்றால் அதை உறுதியிலேயே எழுதுங்கள். ஒளிவு மறைவு இன்றி எழுதுங்கள். நிபந்தனையுள்ள உறுதி கொடுக்கலாம். உறுதியே இல்லாத நிபந்தனை வேண்டாம்.

‘வீடு சொந்தமானால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் வராது’ என்பர் கம்பனியார். இதிலேதான் உள்ளக்கிடக்கை வெளிப்படுகிறது! அப்படியானால் இதுவரை ஆளைப் பிடித்து வைத்திருந்தது கூலியன்று, காம்பராதான் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நல்ல கூலி கொடுங்கள். சொந்த வீட்டிலிருந்து நடந்து வந்து உழைப்பான். காலியிலும் மாத்தறையிலும் சிறுதோட்டக்காரன் தன் நிலத்தில் தன் வீட்டில் இருந்துகொண்டு தேயிலை பயிரிடுகிறான். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று அவர்களிடமிருந்துதான் வருகிறது. சொந்த வீடு தேயிலையை அழிக்குமானால் அங்கே ஒரு செடிகூட எஞ்சியிராது.

‘நிலம் எங்கே?’ என்பர். கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். குடும்பத்துக்கு 10 பேர்ச் என்றால் ஓர் ஏக்கரில் 16 குடும்பங்கள். ஓர் இலட்சம் குடும்பங்களுக்கு வேண்டியது 6250 ஏக்கர். இரண்டு இலட்சம் குடும்பங்களுக்கு 12,500 ஏக்கர். பாதைக்கும் பள்ளிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் என்று அதை இரட்டிப்பாக்கினாலும் 25,000 ஏக்கர். இலங்கையில் தேயிலை நிலம் மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹெக்டேயர், அதாவது ஐந்து இலட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இருபதில் ஒரு பங்கு! அந்த நிலத்தைப் பொன் விளையும் நிலமாக்கியவனுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு மிகையா?

எது கையளிப்பு?

தோட்டப்புற வீடு எந்த நாளில் குடியிருப்போனுக்குச் சொந்தமாயிற்று என்று சொல்ல நான்கு அடையாளங்கள் வேண்டும். நான்கும் இல்லாத விழாவைக் கையளிப்பு விழா என்று எவரும் அழைக்க வேண்டாம்.

முதலாவது, மண் உறுதி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று எழுத்தில் தந்த நிலமாக இருக்க வேண்டும். அந்த எழுத்தின் பிரதி குடியிருப்போன் கையில், அவனுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். சரியும் மண்ணுக்கு உறுதி எழுதிக் கொடுப்பது மரண சாசனம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பத்திர உறுதி. சாவி கொடுக்கும் அதே நாளில், காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி கொடுக்கப்பட வேண்டும். கணவன் பெயரில் மட்டும் போதாது. கொழுந்துக் கூடையைச் சுமப்பவள் பெண். அவள் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வாழ்வதற்குரிய வீடு. குடிநீர் வர வேண்டும். மின்சாரம் வர வேண்டும். நோயாளியைக் கொண்டு செல்லும் வண்டி வாசலுக்கு வரப் பாதை வேண்டும். சுவரும் கூரையும் மட்டும் கொண்டு, ‘முடிந்தது’ என்று பெயர்ப்பலகை நாட்டுவது ஏமாற்று.

நான்காவது, விடுதலை. தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு என்ற நிபந்தனை எந்த எழுத்திலும் இருக்கக் கூடாது. பிள்ளை ஆசிரியராகலாம், கொழும்பிலே கடையில் வேலை செய்யலாம், மத்திய கிழக்குக்குப் போகலாம். எங்கு போனாலும் திரும்பி வர அவர்களுக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும்.

படித்த பெருமக்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. சட்டத்தரணிகளே, நொத்தாரிசுமாரே! ஆண்டுக்குச் சில நாட்களைத் தோட்டத்து மக்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் கையிலிருக்கும் பத்திரம் என்ன பத்திரம் என்று படித்துச் சொல்லுங்கள். நில அளவையாளர்களே! ஒரு லயத்தின் எல்லையை அளந்து படம் வரைவது உங்களுக்கு ஒரு நாள் வேலை. அங்குள்ளோருக்கு அதுவே ஒரு தலைமுறையின் கனவு. ஆசிரியர்களே! கடன் தவணைச் சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் எறியாமல் காத்து வைக்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள். அவை நாளைக்கு நீதிமன்றத்தில் பேசும். தொழிற்சங்கத் தலைவர்களே! சந்தாப் பணம் மாதந்தோறும் வருகிறது. மாதந்தோறும் எத்தனை உறுதி பதிந்தது என்று உங்கள் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டுங்கள்.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு சொல். சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். மழையில் நனைபவனைக் கூரையை மறு என்று சொல்லும் கொடியோர் அல்லோம் நாம். ஆனால் வாங்கும்போதே, மேடையில் நிற்கும் பெரியவரிடம், ஒலிபெருக்கியின் முன்னே, ‘ஐயா, உறுதி எங்கே?’ என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் அதட்டுவார்கள். எழுபத்தைந்து குடும்பங்களும் கேட்டால் விடை சொல்லியே ஆக வேண்டும்.

மீரியபெத்த மலை ஒரு முறை விடை கேட்டது. அதற்கு மனித உயிர்களை விடையாகக் கொடுத்தோம். இனி எந்த மலையும் கேட்குமுன் நாட்டின் சட்டம் விடை சொல்லட்டும். அந்த விடை ஒலிபெருக்கியில் வேண்டாம். பதுளைக் காணிப் பதிவகத்தின் ஏட்டிலே, பக்கம் பக்கமாக, தோட்டத்துத் தமிழரின் பெயர்களாக எழுதப்படட்டும். அந்த ஏட்டில் கடைசிக் குடும்பத்தின் பெயரும் ஏறும் நாளே வீடு கையளிக்கப்பட்ட நாள்.